கண்ணாயி வாங்கிய கண்ணாடி

சேந்தமங்கலத்தில் போர்டு எழுதுகிறவர் தங்கமான மனுஷர். வினையெல்லாம் அதனால்தான் வந்தது. ‘யமுனா அறிவியல் கண்ணாடிப் பட்டறை, வளப்பூர் நாடு’ என்று எழுதித் தரச் சொல்லி, யமுனாவின் புருஷன் சதீஷ்குமார் தகரத்தைக் கொடுத்துவிட்டு வந்தான். வெறும் எழுத்தாக இருந்தால் எடுப்பாக இருக்காதே என்று அவராகவே நினைத்துக்கொண்டு, ஓரத்தில் ஒரு மூக்குக் கண்ணாடியை வரைந்துவிட்டார். கருப்பு பிரேம், வெள்ளைப் பளபளப்பு, காதுக்கு வளைந்த கம்பி, ஒரு குறையும் சொல்ல முடியாது. ஆசையாகச் செய்த மனுஷரிடம் அதை அழித்துக் கொடுங்கள் என்று சொல்ல சதீஷுக்கு வாய் வரவில்லை. போர்டு அப்படியே கொல்லிமலைக்கு ஏறிவிட்டது.

அன்றிலிருந்து இரண்டு வருஷமாக யமுனாவுக்கு ஒரே பதில்தான் வேலை. “இது அந்தக் கண்ணாடி இல்லீங்க.” பஸ்ஸை விட்டு இறங்கி ஊசியில் நூல் கோக்க முடியவில்லை என்று வருவார்கள். உடைந்த பிரேமைக் கைக்குட்டையில் முடிந்துகொண்டு வருவார்கள். ஒருவர் முகம் பார்க்கும் கண்ணாடிக்கு ரசம் பூசித் தரக் கேட்டு வந்தார். முகம் பார்ப்பதும் கண்ணாடி, மூக்கில் மாட்டுவதும் கண்ணாடி, இவள் நெருப்பில் உருக்கி வாயால் ஊதுவதும் கண்ணாடி. இத்தனை சொல் இருக்கிற தமிழில் இதற்கு மட்டும் கஞ்சத்தனம் பண்ணியவர்கள் யாரோ, அவர்கள் மேல் யமுனாவுக்குக் கோபம் கோபமாக வரும்.

அவள் செய்வது சோதனைக்கூடத்துச் சாமான். ஆவியைக் குளிரவைத்துத் துளியாக்கும் குழாய், மூன்று கழுத்துக் குடுவை, ஒன்றுக்குள் ஒன்று நிற்கிற இரட்டைச் சுவர்ப் பாத்திரம். நீளநீளமாக வருகிற கண்ணாடிக் குழாய்களைக் கேஸும் ஆக்சிஜனும் கலந்த நெருப்பில் காட்டி, இளகவிட்டு, இழுத்து, ஊதி, ஒட்டுகிற வேலை. கீழே சேந்தமங்கலத்துப் பெண்தான் அவள். அம்பத்தூரில் ஒரு தகரக் கொட்டகைக்குள் ஒன்பது வருஷம் இந்த வேலை பார்த்தாள். சித்திரை மாதத்தில் அந்த நெருப்பின் முன்னால் உட்கார்ந்தவர்களுக்குத்தான் அது என்னவென்று தெரியும். வியர்வை கண்ணில் இறங்கும். துடைக்கக் கையை எடுத்தால் கையிலிருப்பது கோணிக்கொள்ளும். கல்யாணமாகி சதீஷின் மலைக்கு வந்த முதல் வாரம், வாசலில் நின்று காற்று வாங்கிக்கொண்டே, இந்தக் குளிரில் அந்த நெருப்பு எவ்வளவு சுகமாக இருக்கும் என்று சொன்னாள். அதைக் கேட்டுத்தான் அவன் தன் பாகத்து நிலத்தில் நாலு சுவர் எழுப்பினான்.

சுகமாகத்தான் இருந்தது. எலுமிச்சைப்புல் எண்ணெய் காய்ச்சுகிறவர்கள் குளிர்விக்கும் குழாய் வாங்கினார்கள், நாமக்கல் கல்லூரி ஒன்று உடைந்ததை ஒட்டக் கொடுத்தது. ஆனால் அதை வைத்து ஒரு பட்டறை நிற்காது. தை மாதமே இருவரும் பேசி முடிவு செய்துவிட்டார்கள். சித்திரைக்குள் நிரந்தரமாக ஒரு பெரிய ஆர்டர் வந்தால் இருப்பது, வராவிட்டால் பட்டறையைப் பூட்டிவிட்டு அம்பத்தூருக்கே போவது. பழைய முதலாளி இடம் காலியாக வைத்திருப்பதாகச் சொல்லியிருந்தார். யமுனாவுக்குப் போக விருப்பமே இல்லை. ஆனால் இருக்கச் சொல்லவும் இந்த மலையில் யாருமில்லை. இவள் என்ன செய்கிறாள் என்றே பாதிப் பேருக்குத் தெரியாது.

அப்போதுதான் சேலத்து மருந்து ஆராய்ச்சிக்கூடம் ஒன்றிலிருந்து முருகானந்தம் பேசினார். அங்கே சாமான் வாங்குகிற பொறுப்பு அவருக்கு. இவள் மாதிரிக்கு அனுப்பிய இரட்டைச் சுவர்ப் பாத்திரம் அவருக்குப் பிடித்துவிட்டது. பிடித்ததுதான் சந்தேகத்துக்கும் காரணம். இவ்வளவு சுத்தமான வேலையை எழுபது கொண்டை ஊசி வளைவுக்கு மேலே உட்கார்ந்து ஒருத்தி செய்கிறாள் என்றால் அவர் நம்பத் தயாராக இல்லை. மும்பையில் வாங்கி, தன் சீட்டை ஒட்டி விற்கிறாள் என்று நினைத்தார், அதை மறைக்கவும் இல்லை. வியாழக்கிழமை பதினோரு மணிக்கு வருகிறேன், என் கண் முன்னால் ஒன்றைச் செய்து காட்டுங்கள், சரியாக இருந்தால் மாதம் நான்கு வீதம் உங்களிடமே வாங்குகிறோம் என்றார். யமுனா சரி என்றாள். அவளுக்கு அதில் பயமே இல்லை. ஊதாக் கண்ணாடி இருக்கும்வரை என்ன பயம்?

இந்த ஊதாக் கண்ணாடி என்பது மூக்கில் மாட்டுகிற கண்ணாடிதான். கண்ணாடிக் குழாயை நெருப்பில் வைத்ததும் அது பளீரென்று மஞ்சளாக எரியும். அந்த மஞ்சளில் ஒட்டும் தெரியாது, ஓட்டையும் தெரியாது. இதை மாட்டிக்கொண்டால் மஞ்சள் மட்டும் மாயமாக மறைந்து, உள்ளே கண்ணாடி இளகுவதும் கூடுவதும் தண்ணீருக்கடியில் கூழாங்கல் தெரிவதுபோல் தெரியும். பேர் டிடிமியம் என்று ஏதோ வரும், பட்டறையில் யாரும் அப்படிச் சொல்வதில்லை. சேலம் முழுக்கத் தேடினாலும் கிடைக்காது. மும்பைக்கு எழுதிப் போட்டால் வர ஒரு மாதமாகும்.

வியாழக்கிழமை காலை ஏழரைக்குப் பட்டறையைத் திறந்தபோது, மேஜையில் ஊதாக் கண்ணாடி இருக்க வேண்டிய இடத்தில் ஒரு துணி மூட்டை இருந்தது. அவிழ்த்துப் பார்த்தால் மிளகு. இரண்டு ஆழாக்கு இருக்கும்.

யமுனா மேஜைக்கு அடியில் தேடினாள், குழாய் அடுக்குக்குப் பின்னால் தேடினாள், சூளைக்குள்கூடக் கையை விட்டுத் துழாவினாள். முந்தின நாள் சாயங்காலம் ஆக்சிஜன் சிலிண்டர் வந்த லாரி பட்டறைவரை வர மறுத்து ரோட்டிலேயே நின்றுவிட்டது. இரண்டு பேருமாகப் போய் உருட்டிக்கொண்டு வந்தார்கள். அந்த அரைமணி நேரம் கதவு திறந்துதான் கிடந்தது. அதுவரை இந்த மலையில் பூட்டிவிட்டுப் போகவேண்டும் என்று அவளுக்குத் தோன்றியதே இல்லை. அவளுக்கு அழுகை வந்தது, வந்ததும் தன் மேலேயே எரிச்சலும் வந்தது. பதினோரு மணிக்கு அந்த மனுஷர் வந்து நின்றால், கண்ணாடி போடாத கண்ணோடு மஞ்சள் நெருப்பைப் பார்த்துக்கொண்டு எதை எதோடு ஒட்டுவது?

சதீஷ் மட்டும் மிளகையே பார்த்துக்கொண்டு நின்றான். ஒரு கைப்பிடி அள்ளி உள்ளங்கையில் உருட்டினான், வாயால் ஊதினான். பாதிக்கு மேல் பறந்துவிட்டது. எல்லாம் பொக்கு. பழுக்காத சரத்தைப் பறித்துக் காயவைத்தால் மிளகு உள்ளீடு இல்லாமல் இப்படித்தான் போகும். மலைமேல் விளைகிற மிளகைத் தன் பிக்கப் வண்டியில் ஏற்றிச் சேந்தமங்கலம் மண்டிக்குக் கொண்டுபோவது அவன் பிழைப்பு. எந்த வீட்டு மூட்டை எப்படி இருக்கும் என்று அவனுக்கு மனப்பாடம்.

“இந்த மலையில இத்தனை பொக்கு ஒரே ஊட்டு மூட்டையிலதான் இருக்கும்,” என்றான். “ஆலத்தூர் நாட்டுக் கண்ணாயி பெரியம்மா.”

ஆலத்தூர் நாடு என்பது மலையின் இன்னொரு பக்கத்து ஊர்க்கூட்டம். போகிற வழியில் சதீஷ் சொல்லிக்கொண்டே வந்தான். கண்ணாயிக்கு அறுபதை நெருங்கும் வயசு. ஒரு காலத்தில் அவளைப்போல் மிளகு பறிக்க ஆளில்லை. மூன்று வருஷமாகத்தான் இந்தக் கோளாறு. பச்சைச் சரத்தையும் பழுத்த சரத்தையும் சேர்த்துப் பறித்துவிடுகிறாள். மண்டிக்காரர் அவள் மூட்டையை அவிழ்க்காமலே சிரிப்பார். மகன் அருள் பொறுத்துப் பார்த்துவிட்டு, இனிமேல் நீ மரத்துப் பக்கம் வரவேண்டாம், களத்தில் காயப்போடுகிற வேலையைப் பார் என்று சொல்லிவிட்டானாம். அதையெல்லாம் கேட்கிற நிலையில் யமுனா இல்லை. அவள் வண்டியில் இருந்த கடிகாரத்தைப் பார்த்தபடி வந்தாள். எட்டேமுக்கால் ஆகியிருந்தது.

களத்தில் கண்ணாயி இல்லை. வீட்டிலும் இல்லை. தோட்டத்துக்குள் போய்ப் பார்த்தால், சில்வர் ஓக் மரத்தில் சாத்திய மூங்கில் ஏணியின் பாதி உயரத்தில் நின்றுகொண்டிருந்தாள். இடுப்பில் துணியைத் தூளியாகக் கட்டியிருந்தாள். மூக்கில் ஊதாக் கண்ணாடி. நழுவாமல் இருக்க இரண்டு காதுக்கம்பிக்கும் வாழைநாரைக் கட்டிப் பின்னந்தலையில் முடிச்சுப் போட்டிருந்தாள். ஏணியைப் பிடித்துக்கொண்டு கீழே நின்ற அருள், எதையும் நம்ப முடியாதவன் போல அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தான்.

யமுனாவைக் கண்டதும் கண்ணாயிக்கு முகமெல்லாம் சிரிப்பு. “வா கண்ணு. உன்ற கடையில ஆளே இல்ல. நாலரை பஸ்ஸுக்கு நேரமாச்சுன்னு மொளகை வெச்சுட்டு எடுத்துட்டு வந்துட்டேன். பத்தலைன்னா சொல்லு.”

அவள் ஊரில் அதுதான் வழக்கம். ஆளில்லாத இடத்தில் வைக்காமல் எடுத்தால் திருட்டு, வைத்துவிட்டு எடுத்தால் வியாபாரம். ஊசியில் நூல் கோக்க ஒரு கண்ணாடி வாங்கலாம் என்று விலைக்கு மிளகோடு வந்தவள், போர்டில் இருந்த படத்தைப் பார்த்து உள்ளே போனாளாம். மேஜையில் இது ஒன்றுதான் இருந்ததாம். கடையில் ஒரே ஒரு கண்ணாடியா என்று அவளுக்கும் வியப்புதான். சரி, எதற்கும் போட்டுப் பார்ப்போமே என்று மாட்டிக்கொண்டு வாசலுக்கு வந்தாளாம். பட்டறை ஓரத்து மரத்தில் இருந்த மிளகுக்கொடியைப் பார்த்ததும் அப்படியே நின்றுவிட்டாளாம்.

“செவப்பு தெரிஞ்சுது கண்ணு,” என்றாள். “மூணு வருசமா நம்ம மலையில மொளகே பழுக்கறதில்லைன்னு நெனச்சிருந்தேன். கொடிக்குத்தான் என்னமோ சீக்குன்னு. சாமிக்குக்கூட வேண்டிக்கிட்டேன். பழுத்துக்கிட்டேதான் இருந்திருக்குது.”

அருள் தலையைக் குனிந்துகொண்டான். அம்மாவுக்குக் கை தப்புகிறது என்றுதான் அவன் நினைத்திருந்தான். கண் என்று அவனுக்கும் தோன்றவில்லை, அவளும் சொல்லவில்லை. சொல்ல அவளுக்கே தெரியாதே.

யமுனா விஷயத்தைச் சொன்னாள். இது பார்வைக்குப் போடுகிற கண்ணாடி இல்லை, நெருப்பைப் பார்க்கப் போடுவது, இது இல்லாமல் இன்றைக்குத் தன் வேலை நடக்காது, பதினோரு மணிக்குச் சேலத்திலிருந்து ஆள் வருகிறார் என்று எல்லாவற்றையும் சொன்னாள். கண்ணாயி ஏணியிலிருந்து இறங்கினாள். முடிச்சை அவிழ்த்தாள். கண்ணாடியை முந்தானையில் துடைத்து யமுனாவிடம் கொடுத்துவிட்டு, இடுப்புத் துணியில் இருந்த சரங்களைக் கையால் அளைந்து பார்த்தாள். சிரிப்பு மட்டும் முகத்தில் இல்லை.

கீறல் ஏதும் விழுந்திருக்கிறதா என்று பார்க்க யமுனா அதை மாட்டினாள். மாட்டிய கண்ணோடு தற்செயலாகக் கொடியைப் பார்த்தாள். பதினோரு வருஷமாக நெருப்பைத் தவிர வேறு எதையும் அவள் இதன் வழியாகப் பார்த்ததில்லை. கொடியின் பச்சை ஒதுங்கி நின்றது. ஒவ்வொரு சரத்திலும் பழுத்த ஒன்றிரண்டு மணிகள் குங்குமம் வைத்த மாதிரி சிவந்து முன்னால் வந்தன. நல்ல கண் உள்ள அவளுக்கே அப்படி இருந்தது. மஞ்சளை மறைக்கிற கண்ணாடி சிவப்பை எடுத்துக் காட்டுமென்று அவளுக்கு யாரும் சொன்னதில்லை.

மரத்தில் எவ்வளவு மிச்சம் என்று கேட்டாள். உச்சிவரை இருக்கிறது, முக்கால் மணி நேர வேலை என்றான் அருள். சதீஷ் தன் கைக்கடிகாரத்தைத் தட்டிக் காட்டினான். யமுனாவுக்கும் தெரியும். கிளம்ப வேண்டும், பர்னரைச் சூடாக்க வேண்டும், குழாயை வெட்டித் துடைத்து வைக்க வேண்டும். எல்லாம் தெரிந்துதான் கண்ணாடியைக் கழற்றிக் கண்ணாயியின் மூக்கில் தானே மாட்டிவிட்டு, வாழைநாரையும் முடிந்தாள். இந்த மரத்தை முடித்துவிடுங்கள் என்றாள்.

பெருந்தன்மை என்றெல்லாம் நினைத்துவிட வேண்டாம். பத்து நிமிஷத்துக்கு ஒருமுறை கண்ணாயியை அண்ணாந்து பார்ப்பதும், ஏன்தான் இப்படிச் செய்தோமோ என்று நினைப்பதுமாக நின்றாள். சரத்தை விரலால் தடவாமல், தயங்காமல், பார்த்துப் பார்த்துக் கிள்ளிப் போட்டுக்கொண்டே ஏறினாள் கண்ணாயி. இடையில் முருகானந்தத்திடமிருந்து போன் வந்தது. நாற்பதாவது வளைவில் வண்டியை நிறுத்தியிருக்கிறார், தலை சுற்றி வாந்தியும் வந்துவிட்டது, வருவதற்குக் கொஞ்சம் தாமதமாகும். அவர் வாந்தி எடுத்ததற்காக யமுனா சந்தோஷப்பட்டாள். பாவம்தான், ஆனால் சந்தோஷப்பட்டாள்.

மரம் முடிந்ததும் கண்ணாயியும் வண்டியில் ஏறிக்கொண்டாள். நான் வாங்கின பொருளை வைத்து நீ என்ன செய்கிறாய் என்று பார்க்க வேண்டும் என்றாள். மறுத்துப் பேச நேரமில்லை.

பட்டறைக்கு வந்து சேர்ந்தபோது மணி பதினொன்றே கால். முருகானந்தம் வாசல் கல்லில் உட்கார்ந்து எலுமிச்சம்பழத்தை முகர்ந்துகொண்டிருந்தார். முகம் வெளுத்திருந்தது. ஆளை வரச் சொல்லிவிட்டுப் பட்டறையைப் பூட்டிவிட்டுப் போவதுதான் உங்கள் ஒழுங்கா என்று கேட்டார். முதல் தடவையாகப் பூட்டிய பூட்டு அது, அதற்கும் பேச்சு. யமுனா மன்னிப்புக் கேட்டுவிட்டுப் பர்னரைப் பற்றவைத்தாள்.

உள் பாத்திரத்தை வெளிப் பாத்திரத்துக்குள் நிறுத்தி, அட்டைச் சுருளால் நடுவில் பிடித்து வைப்பது முதல் வேலை. பிறகு வெளிச்சுவரின் அடியில் வட்டமாக நெருப்பைக் காட்டி, உள்ளிருந்து வருகிற குழாயோடு அதைக் கூட்ட வேண்டும். ரிங் சீல் என்பார்கள். ஊசிமுனை அளவு கூடாமல் விட்டாலும் போதும், ஆறினதும் அங்கிருந்துதான் விரிசல் கிளம்பும். ஒரு கையில் பாத்திரம் உருண்டுகொண்டே இருக்க வேண்டும், பல்லிடுக்கில் ரப்பர்க் குழாய், அதில் மூச்சு அளவாகப் போக வேண்டும். யமுனா ஊதாக் கண்ணாடியை மாட்டினாள். வாழைநார் இன்னும் அதில்தான் இருந்தது. அதை அவிழ்க்க அவளுக்கு நேரமில்லை, பின்னால் முடிந்துகொண்டாள். அவிழ்க்காததே நல்லதாகப் போயிற்று, குனிந்தாலும் நழுவவில்லை.

மற்ற மூவருக்கும் மஞ்சள் வெளிச்சம்தான் தெரிந்தது. முருகானந்தம் கண்ணைச் சுருக்கிப் பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார். யமுனாவுக்குத்தான் உள்ளே நடப்பது தெரிந்தது. இரண்டு விளிம்பும் இளகி, தயங்கி, ஒன்றையொன்று தொட்டு, கோடு மறைந்தது. ஒரு சிறு ஊது. ஒட்டு உள்ளுக்குள் குழிந்து வழவழப்பாக நின்றது. திருப்பி மேல்பக்கம் வைத்தாள். அதுவும் கூடியது. அந்த முக்கால் மணி நேரம் அவளுக்கு அம்பத்தூர் நினைவும் இல்லை, சித்திரை நினைவும் இல்லை. இந்த வேலை அவளுக்கு அவ்வளவு பிடிக்கும்.

சுடச்சுட அதைச் சூளைக்குள் வைத்தாள். சூடு மெல்ல மெல்ல இறங்கி ஆறினால்தான் கண்ணாடிக்குள் இருக்கும் இறுக்கம் விடும். சாயங்காலம் நான்கு மணியாகும் என்றாள். முருகானந்தத்துக்கு வேறு வழியில்லை.

சதீஷ் அதற்குள் அடுப்பை மூட்டியிருந்தான். கலங்கின வயிற்றுக்கு மிளகு ரசம்தான் மருந்து என்பது அவன் கொள்கை. மேஜையில் கிடந்த மூட்டையை எடுத்து, பொக்கை ஊதித் தள்ளிவிட்டு, மிஞ்சியதை இரண்டு மடங்காகப் போட்டு இடித்தான். முருகானந்தம் மூன்று தம்ளர் குடித்தார். முகத்துக்கு ரத்தம் திரும்பியது. அப்புறம்தான் கண்ணாயி யாரென்று விசாரித்தார். கதையைக் கேட்டதும் அவருக்குச் சிரிப்பு அடங்கவில்லை. சிரித்து முடித்துவிட்டு, இது கண்புரைதான், தன் அம்மாவுக்கும் இப்படித்தான் நிறம் மங்கியது, ஆபரேஷன் பண்ணினால் சரியாகிவிடும் என்றார். பறிப்பு முடியட்டும், அருள் கூட்டிக்கொண்டு போவான் என்றாள் கண்ணாயி. பறிப்பு முடியாமல் அவள் எங்கும் போகிறவள் இல்லை.

சூளை ஆறுகிறவரை சும்மா இருக்க அவளால் முடியவில்லை. ஊதாக் கண்ணாடியை எடுத்துக்கொண்டு பட்டறை ஓரத்து மரத்துக்குப் போனாள். கொஞ்ச நேரத்தில் முருகானந்தமும் போனார். அவரையும் மாட்டிப் பார்க்கச் சொன்னாள். மாட்டிக்கொண்டு கொடியை அடியிலிருந்து உச்சிவரை பார்த்தார். அப்புறம் பேன்ட்டைச் சுருட்டிக்கொண்டு ஏணியைப் பிடிக்க ஆரம்பித்தார்.

நான்கு மணிக்கு யமுனா சூளையைத் திறந்தாள். பாத்திரத்தை, ஒளியை வடிகட்டும் இரண்டு கருப்புத் தகடுகளுக்கு நடுவில் வைத்துப் பின்னால் விளக்கைப் போட்டாள். உள்ளே இறுக்கம் இருந்தால் வானவில் மாதிரி நிறம் தெரியும், இல்லாவிட்டால் இருட்டாகவே இருக்கும். முருகானந்தம் குனிந்து சுற்றிச் சுற்றிப் பார்த்தார். எங்கும் இருட்டு. ஒட்டிய இடத்தை நகத்தால் தேடினார், அகப்படவில்லை. நிமிர்ந்து கும்பிட்டார். தப்பாக நினைத்துவிட்டேன், மனசில் வைத்துக்கொள்ளாதீர்கள் என்றார். திங்கட்கிழமையிலிருந்து ஆரம்பித்துவிடுங்கள், மாதம் நான்கு என்று சொல்லித் தாளில் கையெழுத்துப் போட்டார்.

யமுனா சதீஷைப் பார்த்தாள். அவன் எங்கோ பார்ப்பதுபோல் நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டான். அவள் ஸ்டூலில் உட்கார்ந்துகொண்டாள்.

கண்ணாயிக்கு ஆர்டர் எதுவும் புரியவில்லை. திங்கட்கிழமை என்பது மட்டும் புரிந்தது. மூக்கில் இருந்ததைக் கழற்றி மேஜைமேல் வைத்தாள். “வேலைன்னா வேலைதான். அப்ப என்ற மொளகைக் குடுத்துரு கண்ணு, நான் கெளம்பறேன்.”

சதீஷ் மூட்டையை எடுத்தான். அடியில் ஒரு கைப்பிடி கிடந்தது. மிச்சமெல்லாம் ரசமாகப் போயிருந்தது. அவன் முருகானந்தத்தைப் பார்த்தான், முருகானந்தம் தன் தம்ளரைப் பார்த்தார். யமுனாவுக்கு அப்போது வந்த சிரிப்பு, அன்றைக்குக் காலையிலிருந்து அடக்கி வைத்திருந்த எல்லாமும் சேர்ந்து வந்த சிரிப்பு.

“வெலையை வாங்கித் தின்னாச்சுங்க பெரியம்மா,” என்றாள். “இனிமேல் அது உங்க கண்ணாடி. எனக்கு வேணும்னா நான்தான் உங்ககிட்டக் கேக்கோணும்.”

முருகானந்தம் ஏதோ சொல்ல வாயெடுத்தார். யமுனா அவரிடம், மும்பையிலிருந்து இன்னொன்று வர ஒரு மாதமாகும், அதுவரை இவர்கள் விடுகிற நேரத்தில்தான் உங்கள் வேலை நடக்கும் என்று சொல்லிவிட்டாள். சொன்ன பிறகுதான், கையெழுத்தான தாள் இன்னும் அவர் கையிலேயே இருக்கிறது என்பது அவளுக்கு உறைத்தது. அவர் தாளைப் பார்த்தார், மரத்தைப் பார்த்தார். தாளை மேஜைமேல் வைத்துவிட்டு, எதுவானாலும் அந்தம்மாவிடமே பேசிக்கொள்ளுங்கள், நானும் ரசம் குடித்தவன் என்றார்.

கண்ணாயி யோசித்தாள். பொருளுக்குச் சொந்தக்காரியாக யோசித்தாள், அவசரப்படவில்லை. வெயில் ஏறுகிறவரை தனக்கு, ஏறின பிறகு யமுனாவுக்கு. தினம் சதீஷ் வண்டியில் வந்து வாங்கிக்கொண்டு போகட்டும், மறுநாள் விடியும்போது கொண்டுவந்து தரட்டும் என்றாள். இரவலுக்குக் கைம்மாறு எதுவும் வேண்டாம் என்றாள். பிறகு கண்ணாடியைக் கையில் எடுத்துக்கொண்டு, கொடுக்காமல் வைத்திருந்தாள்.

“ஆனா ஒண்ணு. சித்திரைக்கு நீங்க ஊரைவிட்டுப் போறீங்கன்னு பஸ்ஸுல பேசிக்கிட்டாங்க. போறவங்களுக்கு நான் இரவல் தர மாட்டேன். இங்கயே இருக்கறதுன்னா சொல்லு.”

இரண்டு வருஷத்தில் இந்த மலையில் யாரும் அவளிடம் கேட்காத ஒன்று அது. யமுனா எழுந்து வந்து கண்ணாயியின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“இருக்கறேனுங்க பெரியம்மா,” என்றாள். “இங்கயேதான் இருக்கறேன்.”

“அப்பச் சரி,” என்று சொல்லி, கண்ணாயி கண்ணாடியை அவள் கையில் வைத்தாள். “காலையில நேரமா அனுப்பி வெச்சுரு.”